சுற்றுகிற கனம்

மாமா எந்தப் பொருளையும் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார். கண்ணால் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பை ஒரு கையால் தூக்கி, மேலும் கீழும் ஆட்டி, "பருவு ஜாஸ்தி" என்று சொல்லிக் கீழே வைத்தார். பருவு என்றால் தெலுங்கில் எடை. புத்தூர்ப் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் வாயிலும் அது சரளமாகப் புழங்கும். அவர் அப்படிச் சொன்ன நேரம் பார்த்து அக்கா காபித் தட்டோடு வந்து நின்றாள். அவளைத்தான் சொல்கிறார் என்று எங்கள் நைனாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஐயையோ, சொம்பச் சொன்னேங்க!" என்று மாமா பதறி எழுந்தார். எழுந்த வேகத்தில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியும் கூடவே எழுந்தது. அவ்வளவு பெரிய உடம்பு. இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் நாற்காலியைக் கழற்ற வேண்டியிருந்தது. அக்கா உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள். பிற்பாடு என்னிடம் சொன்னாள்: "அந்தத் தொந்தியத் தூக்கிக்கினு வந்து, சொம்பு கனமா கீதுன்னு சொல்ற ஆளு. ஆயுசுக்கும் சிரிச்சுக்கினே இருக்கலாம்னு தோணுச்சு. கட்டிக்கினேன்."

மாமாவுக்குத் தொழில் பத்திரிகை. காலை ரயிலில் மதராஸிலிருந்து புத்தூர் ஸ்டேஷனுக்கு வரும் பேப்பர் கட்டைப் பெரிய ஏஜெண்டிடமிருந்து வாங்கி, நாராயணவனம், பிச்சாட்டூர் வழியாக நாகலாபுரம் வரைக்கும் சைக்கிளில் கொண்டுபோய்ப் போடுவார். ஆந்திரம் தனி ராஜ்யமாகிவிட்டிருந்த சமயம் அது. எல்லையில் இருந்த எங்கள் ஊர்கள் எந்தப் பக்கம் நிற்கும், எது மதராஸோடு போகும் என்பது முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. காபிக் கடையில், ரேஷன் கடையில், கோயில் வாசலில் எல்லா இடத்திலும் அதே பேச்சு. நாகலாபுரத்தில் கூட்டம் மாமாவுக்காகக் காத்து நிற்கும். தமிழ்க்காரர்கள் ஒரு பெஞ்சு, தெலுங்குக்காரர்கள் ஒரு பெஞ்சு. இரண்டு பெஞ்சுக்கும் பேப்பர் கொடுப்பவர் அவர் ஒருவரே. கொஞ்சம் தாமதமானால் இரண்டு பாஷையிலும் திட்டு விழும்.

சீக்கிரம் போக வேண்டும் என்பதற்காக அவர் தன் சைக்கிளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட ஆரம்பித்தார். முதலில் ஸ்டாண்டு போனது. அதனால் அந்தச் சைக்கிள் எப்போதும் எதன் மீதாவது சாய்ந்துதான் நிற்கும். பிறகு கேரியர், செயின் கவர், இரண்டு மட்கார்டுகள். பேப்பர் கட்டைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொள்வார். கடைசியில் மணியும் போயிற்று. அதற்குப் பதிலாக வாயாலேயே "டிரிங் டிரிங்" என்று கத்திக்கொண்டு போவார். நாராயணவனம் தெருவில் குழந்தைகள் அவரைக் கண்டதும் தாங்களும் அப்படியே கத்துவார்கள். யார் மணி, யார் குழந்தை என்று தெரியாமல் மாடுகள் நடுத்தெருவில் விழித்துக்கொண்டு நிற்கும். அடிக்கடி திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வருவார். வேண்டுதலா என்று கேட்டால், தலையைத் தடவிக்கொண்டு, "அதுவும்தான். கொஞ்சம் தேலிகாவா கீது பாரு" என்பார். தேலிகா என்றால் லேசு. பெருமாளுக்கும் சைக்கிளுக்கும் ஒரே காணிக்கை.

நாராயணவனத்தில் கோயில் முன்பு பூக்கடை வைத்திருந்த ஒரு அம்மாள் ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டாள்.

"இன்னாய்யா, சைக்கிள்ல இருக்கிறதெல்லாம் கழட்டுறியே. அந்தத் தொந்தியக் கொஞ்சம் கழட்டினா இன்னா?"

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. சைக்கிளை அவள் கடை மேல் சாய்த்து வைத்து, நிதானமாகப் பதில் சொன்னார். "தொந்தி சுத்துதா? சொல்லு. அது ஒரே எடத்துல குந்திக்கினு கீது. சக்கரம் சுத்துது. சுத்துற கனந்தான் ஆள இழுக்கும். சும்மா கீற கனம் ஒண்ணும் பண்ணாது."

அன்று மாலை அக்காவும் அதே கேள்வியைக் கேட்டாள். அவளுக்கு வாயால் சொன்னால் போதாது என்று மாமா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கிண்டி வைத்திருந்த களியிலிருந்து இரண்டு உருண்டைகளை எடுத்துத் துணியில் முடிந்து, முன் சக்கரத்தில் நடு ஹப்பை ஒட்டிக் கட்டினார். "சுத்து" என்றார். அக்கா ஒற்றை விரலால் தள்ளினாள். சக்கரம் சட்டென்று ஓடியது. அதே உருண்டைகளை அவிழ்த்து ரிம்மில், எதிரும் புதிருமாகக் கட்டினார். "இப்ப சுத்து." அக்கா தள்ளினாள். கிளம்பவில்லை. முழுக்கையால் தள்ளினாள். மெல்லக் கிளம்பி, வேகம் பிடித்து, ஒரு உருண்டை முடிச்சோடு பிய்த்துக்கொண்டு போய், கயிற்றுக் கட்டிலில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த என் நெற்றியில் விழுந்தது. நான் அப்போது புத்தூரில் பள்ளி வாத்தியார். அக்கா வீட்டில்தான் சாப்பாடு.

"பாத்தியா மச்சான்! ஓரத்துல கீற கனம் இன்னா வேலை பண்ணுது பாத்தியா!" என்று மாமா குதித்தார். அக்கா என் நெற்றியிலிருந்து களியை வழித்தெடுத்து, "வேல இருக்கட்டும். ராத்திரிக்கு இன்னா துன்றது?" என்றாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. சைக்கிளின் கனமான இரும்பு ரிம்களை மாற்றாமல் இவர் தூங்க மாட்டார் என்பதும் புரிந்துவிட்டது.

திருப்பதியில் ஒரு பெரிய சைக்கிள் கடையில் சீமையிலிருந்து வந்த அலுமினிய ரிம்கள் இரண்டு மாட்டியிருந்தன. மாமா அங்கே போகிறபோதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். ரிம்மை இறக்கச் சொல்லி, சுண்டுவிரலில் மாட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி ஆட்டுவார். வாங்குகிற சக்தி இல்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும். இருந்தும் அவருக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போய், காபி வரவழைத்துக் கொடுப்பார். ஒரு தடவை, விலை குறைவாக இருக்கிறதே என்று ஒரு அலுமினிய ஹப்பைக் காட்டினார். மாமா அதைத் தொடக்கூட இல்லை. "நடுவுல கனம் கொறைக்கிறதுக்கு எதுக்குங்க காசு? இருக்கிற காச ஓரத்துக்குக் குடுக்கணும். ரிம்மு, டயரு. அப்பாலதான் மத்ததெல்லாம்" என்றார். கடைக்காரர் அந்த ஹப்பைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு இன்னொரு காபி சொன்னார்.

இடையில் மர ரிம் ஆசை வந்தது. முன்காலத்தில் பந்தய சைக்கிளுக்கு மரத்தில் ரிம் செய்வார்களாம், யாரோ சொல்லிவிட்டார்கள். நகரியில் வண்டிச் சக்கரம் செய்யும் ஆசாரியிடம் போய் உட்கார்ந்து ஒன்று செய்து வாங்கி வந்தார். உண்மையிலேயே பஞ்சு மாதிரி இருந்தது. முதல் மழையில் ஊறி உப்பி, கோழிமுட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. அதில் உட்கார்ந்து அவர் புத்தூர் வீதியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்த காட்சியைப் பார்க்கக் கடைத்தெருவே வெளியே வந்து நின்றது. மாமாவும் இறங்கி நின்று, அந்தச் சக்கரத்தைப் பார்த்து, அவர்களோடு சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

நல்ல காலம் ரேணிகுண்டாவில் இருந்தது. ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு இருந்தார். இளம் வயதில் சைக்கிள் பந்தயங்களில் ஓடியவர். குடும்பத்தோடு சீமைக்குக் கப்பலேறப் போகிறார், சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு நாங்கள் மூவரும் போனோம். அக்கா வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போக மாட்டாள். எங்கள் நைனாவின் தோப்பிலிருந்து ஒரு கூடை மாம்பழம் எடுத்து வந்திருந்தாள்.

கார்டு கொட்டகைக்குள்ளிருந்து இரண்டு ஜோடிச் சக்கரங்களை எடுத்து வந்து வைத்தார். இரண்டும் அலுமினிய ரிம். ஒரு ஜோடி சுத்தமான பந்தயச் சக்கரம். டயரும் டியூபும் ஒன்றாகத் தைத்து, ரிம்மில் பசை போட்டு ஒட்டியது. இன்னொரு ஜோடி கொஞ்சம் அகலம், கொஞ்சம் கனம். சாதாரண டயர் போடலாம். மாமா வலது கையில் ஒன்றும் இடது கையில் ஒன்றுமாகத் தூக்கிக் கண்ணை மூடினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இதுதான்" என்று பந்தயச் சக்கரத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அக்கா கிட்டே போய் அந்த டயரை விரலால் அழுத்திப் பார்த்தாள். "இது பஞ்சர் ஆனா?"

"பிரிச்சு, தையலப் பிரிச்சு, டியூப ஒட்டி, மறுபடி தச்சு, பசை போட்டு ஒட்டணும்" என்றார் கார்டு சிரித்துக்கொண்டே.

"யோவ், பிச்சாட்டூர் ரோட்டு வேலிகாத்தான் முள்ளுக்கு நீ தெனம் தையல் வேல பாப்பியா, பேப்பர் போடுவியா?"

மாமா சக்கரத்தை அணைத்தபடியே நின்றார். பிறகு மெல்லக் கீழே வைத்தார். கனமான ஜோடியை எடுத்தார். தெரிந்தே அவர் லேசானதை விட்டுக் கனமானதைக் கையில் எடுத்ததை அன்றுதான் பார்த்தேன். "பின்னாடி சக்கரத்துல கம்பி நெறய கீதா?" என்று கேட்டார். கார்டு மாமாவை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "உனக்குத் தாங்கும், மேன். எண்ணிப் பாத்துக்கோ" என்றார்.

விலைதான் இடித்தது. கையிலிருந்ததை நீட்டிவிட்டு மாமா தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அதற்குள் கார்டின் மனைவி அக்கா கொண்டுபோன கூடையிலிருந்து ஒரு பழத்தை அறுத்துச் சாப்பிட்டுவிட்டு, விரலை நக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இந்தப் பழம் கப்பலுக்கு அப்பால் கிடைக்காதே என்று அவளுக்குத் துக்கம். அக்கா அந்த இடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கெளம்புற வரைக்கும் வாரா வாரம் ஒரு கூடை வந்து சேரும்மா. ஊறுகாயும் போட்டுத் தரேன், கப்பல்ல துன்னுங்க." அந்த அம்மாள் தன் கணவரைப் பார்த்த பார்வையில் பேரம் முடிந்துவிட்டது.

புதுச் சக்கரங்கள் மாட்டிய சில வாரங்கள் மாமா சைக்கிளில் போகவில்லை, மிதந்தார். "ஒரு மிதி மிதிச்சா போதும் மச்சான், அதுவே போவுது. நான் கூடத் தேவையில்ல" என்பார். நாகலாபுரம் பெஞ்சுக்காரர்கள் காபியை ஆற்றி முடிப்பதற்குள் பேப்பர் வந்துவிடுகிறது என்றார்கள்.

அப்போதுதான் பஸ் வந்தது. புத்தூரிலிருந்து நாகலாபுரத்துக்குக் காலைப் பஸ். ஒரு நாள் பெரிய ஏஜெண்டு மாமாவைக் கூப்பிட்டு, இனிமேல் கட்டு பஸ்ஸில் போகும் என்றார். மாமா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தார். அவர் சாப்பிடாமல் இருந்தது எங்களைப் பயமுறுத்திவிட்டது. அக்கா நேராக ஏஜெண்டின் கடைக்குப் போனாள்.

"பஸ்ஸு முந்துதா, எங்க வூட்டுக்காரர் முந்துறாரான்னு பாக்காமயே முடிவு பண்ணிட்டா எப்பிடிங்க? ஒரு நாளு ரெண்டு கட்டா குடுங்க. ஒண்ணு பஸ்ஸுல, ஒண்ணு சைக்கிள்ல. பஸ்ஸு முந்திச்சுன்னா நாங்க ஒண்ணும் பேச மாட்டோம்."

ஏஜெண்டுக்கும் இது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஒப்புக்கொண்டார்.

அந்த நாள் பள்ளி விடுமுறை. பஸ் நிற்க வேண்டிய இடங்களில் வேண்டுமென்றே நிற்காமல் போகிறதா என்று பார்க்க அக்கா பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டாள். கூட நானும். பஸ் நிரம்பி வழிந்தது. பாதி பஸ் ஒரு கல்யாணக் கோஷ்டி. நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலில் முகூர்த்தம். பெண் புத்தூர்ப் பக்கம், மாப்பிள்ளை ஊத்துக்கோட்டைப் பக்கம். மணப்பெண் ஜன்னல் ஓரத்தில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தாள். மேளக்காரர்கள் கூரை மேல்.

ரயில் வந்தது. இரண்டு கட்டுகளும் கைமாறின. மாமா முதுகில் கட்டிக்கொண்டு, "டிரிங் டிரிங்" என்று பறந்தார். நாராயணவனத்தைத் தாண்டியதும் பஸ் அவரைப் பிடித்துவிட்டது. தாண்டும்போது அக்கா தலையை வெளியே நீட்டி, "மிதிய்யா! மிதி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். புழுதியில் மாமா மறைந்துபோனார். அக்காவின் கை என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தது.

பிச்சாட்டூர் கிட்டே ஆறு குறுக்கிடும். அன்று அங்கே பாலம் இல்லை. மணலில் இறங்கித்தான் ஏற வேண்டும். பஸ் பாதி ஆற்றில் உறுமி, பின் சக்கரங்கள் சுழன்று சுழன்று புதைந்து நின்றன. எல்லோரும் இறங்கினோம். ஓலை வெட்டி வந்து டயருக்கடியில் போட்டுத் தள்ளினோம். ஓலையைப் பின்னால் வாரி இறைத்ததே தவிர, பஸ் அசையவில்லை. பெண்ணின் தகப்பனார் வெயிலை அண்ணாந்து பார்ப்பதும் டிரைவரைப் பார்ப்பதுமாக இருந்தார். "முகூர்த்தம் போயிடுமேய்யா" என்று புலம்பினார்.

அப்போது கரையில் "டிரிங் டிரிங்" கேட்டது. மாமா இறங்கினார். சைக்கிளைத் தூக்கி ஒரு தோளில் போட்டுக்கொண்டு, துண்டு போட்டுக்கொள்கிற மாதிரி சுலபமாக, மணலில் எங்களைக் கடந்து எதிர்க்கரை ஏறினார். நின்று திரும்பினார்.

"நிக்காத! போய்க்கினே இரு!" என்று அக்கா கத்தினாள்.

மாமா பெண்ணைப் பார்த்தார். பெண்ணின் தகப்பனாரைப் பார்த்தார். முதுகுக் கட்டை அவிழ்த்து, சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்து, கட்டை அதன் மேல் வைத்துவிட்டுத் திரும்பி மணலில் இறங்கி வந்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் திட்டவில்லை.

டிரைவர் தெலுங்குக்காரர்; பின்னால் என்பதை வெனக்க என்பார், உட்காரு என்பதைக் கூச்சோ என்பார். மாமாவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அண்ணா, நீ தள்ள வேணாம் அண்ணா! வெனக்க டயர் மேல கனமே இல்ல, வழுக்குது. நீ உள்ள போயி வெனக்க சீட்டுல கூச்சோ!"

மாமாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் ஆற்று மணல் அதிரச் சிரித்தார். "இத்தினி வருசமா துன்னது வீண் போவல!" என்று பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டின் நடுவில் போய் உட்கார்ந்தார். பக்கத்துக்கு ஒருவராகக் கல்யாணக் கோஷ்டியின் இரண்டு சமையற்காரர்களையும் இழுத்து உட்கார்த்தினார். புதிதாக ஓலை போட்டோம். "தள்ளு!" பின் டயர் ஓலையைக் கவ்வியது. பஸ் ஒரு உலுக்கு உலுக்கி எழுந்து, ஓடியது. நடுவில் நின்றால் மறுபடி புதையும் என்பதால் டிரைவர் நிறுத்தவே இல்லை. மாமா தன் சைக்கிளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். "டேய், என் வீலு! என் வீலு!" என்ற குரல் தூரம் வரைக்கும் கேட்டது.

கெட்டித் தரையில் பஸ் நின்றதும் மாமா இறங்கி, சைக்கிளை நோக்கித் திரும்பி ஓடிவந்தார். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முகூர்த்தம்..." என்றார் தகப்பனார்.

"டைம் உந்தி சார், இன்னும் நேரம் இருக்கு. அண்ணன் மொதல்ல போவட்டும். அவர் பின்னாலதான் நான் போவேன்."

பஸ்ஸில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. மாமா கட்டை முதுகில் போட்டு ஏறி மிதித்தார். அந்த லேசான சக்கரங்கள் சட்டென்று வேகம் பிடித்தன. பஸ் பின்னாலேயே கிளம்பியது. கூரை மேலிருந்த மேளக்காரர்களுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது; நாதஸ்வரத்தை எடுத்து ஊத ஆரம்பித்துவிட்டார்கள். முன்னால் மாமா, பின்னால் பஸ், மேலே மேளம். இப்படித்தான் நாகலாபுரத்துக்குள் போனோம்.

பெஞ்சுக்காரர்கள் இரண்டு தரப்பும் எழுந்து நின்றார்கள். மாமா கட்டைப் பிரித்து நீட்டினார். அவர் என்றைக்கும் தலைப்பைப் படிப்பதில்லை. அன்று எல்லை முடிவு வந்திருந்தது. திருத்தணி மதராஸ் பக்கம், சத்தியவேடு ஆந்திரப் பக்கம், நாகலாபுரம் இருந்தபடியே ஆந்திரத்தில். ஒருவர் உரக்கப் படித்து முடித்ததும் தமிழ்ப் பெஞ்சில் ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். தெலுங்குப் பெஞ்சுக்காரர்களும் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

பெண்ணின் தகப்பனார் பஸ் படியில் நின்று கும்பிட்டார். "எம் பொண்ணு இந்த ராஜ்யம், மாப்பிள்ள அந்த ராஜ்யம்னு ஆயிப்போச்சு. ஆவட்டும். முகூர்த்தத்துக்கு நேரமாவுது. ரெண்டு பெஞ்சியும் எழுந்து வாங்கய்யா, வந்து ஆசீர்வாதம் பண்ணுங்க. சாப்பாடும் கீது."

பெரியவர்தான் முதலில் எழுந்தார். தெலுங்குப் பெஞ்சிலிருந்து ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் கோயிலுக்குப் போனோம். பந்தியில் மாமாவின் இலைக்குச் சமையற்காரர்கள் இருவருமே வந்து பரிமாறினார்கள். அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இன்னும் போடுங்க, இன்னும் போடுங்க" என்றாள்.

சைக்கிள்தான் முந்தியது என்று டிரைவரே ஏஜெண்டிடம் போய்ச் சொல்லிவிட்டார். கட்டு மாமாவிடமே நின்றது. அதற்கப்புறம் டிரைவருக்கும் மாமாவுக்கும் இடையே ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. ஆற்றங்கரையில் யார் முதலில் வந்தாலும் மற்றவருக்காகக் காத்திருப்பார்கள். சைக்கிளைக் கூரை மேல் கிளீனர் வாங்கிக்கொள்வார். மாமா ஏறிப்போய்க் கடைசி சீட்டில் உட்காருவார். அவர் உட்கார்ந்த பிறகுதான் டிரைவர் மணலில் இறக்குவார். எதிர்க்கரை ஏறியதும் சைக்கிளை இறக்கித் தருவார்கள். அங்கிருந்து மறுபடி போட்டி. பஸ் கியர் மாற்றிக் கிளம்புவதற்குள் மாமா வளைவைத் தாண்டியிருப்பார். ஜன்னலெல்லாம் தலைகள் நீண்டு, "மிதிய்யா! மிதி!" என்று கத்திக்கொண்டே போகும்.